துறையும் சேனையும்: கல்முனைக் கரையோரத்துப் பெயர்களும் சொற்களும் பற்றிச் சில குறிப்புகள்

ஊர்ப் பெயர்களுக்கு விளக்கங் கூறுவதில் நம்மவர்க்கு என்றுந் தணியாத ஆர்வம் இருந்துவந்துள்ளது. பாடசாலை ஆண்டு மலர்களையும் பள்ளிவாசல், கோயில் நினைவு மலர்களையும் புரட்டினால், முதற் கட்டுரை பெரும்பாலும் ஊரின் பெயர் பற்றியதாகவே இருக்கும். மன்னன் ஒருவன் அவ்வழி வந்திருப்பான். அல்லது மகான் ஒருவர் கரையொதுங்கியிருப்பார். அவர் உதிர்த்த சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்று கட்டுரை முடியும். இத்தகைய எழுத்துக்களை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. ஆயினும் கிழக்கிலங்கையில், குறிப்பாகக் கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள கரையோரத்திலே, பெயர் விளக்கம் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. அங்கு பெயர் காணி உறுதியைப் போலக் கையாளப்படுகிறது. ஓர் ஊரின் பெயர் எம்மொழிக்குரியது என்று நிறுவிவிட்டால், அவ்வூரின் நிலம் எவருக்குரியது என்பதையும் நிறுவிவிட்டதாகக் கொள்ளும் வாதமுறையொன்று தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவினத்து அறிவாளர் மத்தியிலும் வேரூன்றியுள்ளது. அவ்வாதமுறையை ஏற்காது, அதே பெயர்களிலே உழைப்பின் சுவடுகளையும் உழைப்பாற் பிணைந்த மனித உறவுகளையும் தேட இக்கட்டுரையில் முயல்கிறோம்.

சம்மாந்துறையிலிருந்து தொடங்குவது வசதியானது. துறை என்று பெயர் பூண்ட இவ்வூரிலே கடல் இல்லை. காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே சில மைல் உள்ளே சென்றால், நாற்புறமும் வயல் சூழ்ந்த நிலையில் இவ்வூரைக் காண்கிறோம். நெல்லுக்கும் போடிமாருக்கும் பெயர்போன ஊர் அது. சம்மான் என்னுஞ் சிறு மரக்கலங்கள் நீர்வழியே உள்வந்து தரித்த துறையாதலின் சம்மாந்துறை எனப்பட்டது என்பது ஊரார் வழங்கும் விளக்கம். சம்மான் என்பது சம்பான் என்பதன் திரிபு. மலாய்க் கடலோரங்களிலும் சீனக் கடலோரங்களிலும் வழங்கிய சிறுகலத்தின் பெயர் அது. சீன மொழியில் மூன்று பலகை என்று பொருள்படும் என்பர்.

இனி, இதே சொல்லைத் தெற்கே சென்று தேடுவோம். அம்பாந்தோட்டை என்று நாம் எழுதும் ஊரின் சிங்களப் பெயர் ஹம்பன்தொட்ட. ஈற்றிலுள்ள தொட்ட என்பதற்கும் நமது தோட்டத்துக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. தீர்த்தம் என்பதன் பிராகிருத வடிவமான தித்த என்பதிலிருந்து வந்த அச்சொல்லுக்குத் துறை என்பதே பொருள். சகரம் ஹகரமாதல் சிங்களத்தின் இயல்பு. ஏழு என்னும் பொருளுடைய சப்த அங்கு ஹத ஆயிற்று. சந்திரன் ஹந்த ஆயிற்று. அவ்வாறே சம்பான் ஹம்பன் ஆயிற்று. ஆகவே ஹம்பன்தொட்ட என்பதும் சம்மாந்துறை என்பதும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். ஒன்றை நாம் சிங்கள ஊர் என்கிறோம். மற்றதைத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர் என்கிறோம். இரண்டுக்கும் பெயர் கொடுத்த பொருளோ தமிழருக்குமன்றிச் சிங்களவருக்குமன்றி, இந்து சமுத்திரத்தின் கிழக்கு விளிம்பிலே மரம் அறுத்துப் பலகை பொருத்திய கைகளுக்குரியது. தமிழில் அம்பாந்தோட்டை என்று ஹகரத்தையும் விட்டு எழுதத் தலைப்பட்டபோது, நம் சொந்தச் சம்மாந்துறையை அங்கே அடையாளங் காணும் கடைசி வாய்ப்பையும் நாம் இழந்தோம்.

கலத்தின் பெயர் கலஞ்செலுத்தியோருக்கும் ஆயிற்று. ஹம்பன்காரயா என்று சிங்களத்தில் முஸ்லிம் வணிகர், சிறப்பாகத் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து சென்ற வணிகர், அழைக்கப்பட்டனர். சம்பான்காரர் என்பதற்குமேல் அதில் வசை ஏதுமில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிங்களச் சிறு வணிக வர்க்கம் தலைதூக்கியபோது, கிராமத்துக் கடைகளில் அதற்குப் போட்டியாய் நின்றவன் இக்கரையோரச் சோனகனே. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தில் முதலிற் குறிவைக்கப்பட்டவையும் அவன் கடைகளே. ஹம்பன்காரயா என்பது ஹம்பயா எனக் குறுகி இழிசொல்லாய்த் தேய்ந்தமைக்கு மொழிநூற் காரணம் எதுவுங் கூறவேண்டியதில்லை. சந்தைப் போட்டியே போதிய காரணம்.

சோனகர் என்ற பெயர் இதனினும் நீண்ட பயணஞ் செய்தது. கிரேக்கரின் ஒரு பிரிவினர் வாழ்ந்த அயோனியா என்னும் நாட்டுப் பெயரைப் பாரசீகர் யவுன என்றனர். வடமொழியில் அது யவனர் ஆயிற்று. பாளியில் யோன ஆயிற்று. யகரம் ஜகரமாகி, மலையாளக் கரையில் ஜோனகர் என்றும் தமிழில் சோனகர் என்றும் நின்றது. மேற்குக் கடலிலிருந்து வருபவர் அனைவருக்கும் ஒரே பெயர். வந்தவர் மாறினும் பெயர் மாறவில்லை. சங்க காலத்து யவனர் மதுவும் பொன்னுங் கொணர்ந்த கிரேக்க, உரோம வணிகர். பின்னர் வந்தவர் அரபிகள், பாரசீகர். கேரளத்திலே முஸ்லிம்களை ஜோனக மாப்பிள்ளை என்றும் கிறித்தவரை நஸ்ராணி மாப்பிள்ளை என்றும் வேறுபடுத்தினர். மருதமுனையில் தறியில் அமர்ந்திருக்கும் ஒருவரை நாம் சோனகர் என்னும்போது, ஈஜியன் கடலோரத்துக் கிரேக்கன் ஒருவனின் பெயரால் அவரை அழைக்கிறோம். மூர் என்ற பெயர்க்கும் இதே கதைதான். வட ஆபிரிக்காவின் மோரித்தானியா நாட்டவரை உரோமர் அழைத்த பெயர் போர்த்துக்கேயர் வாயில் மோறோ ஆகி, அவர்கள் கலஞ் சென்ற கடலெங்கும் எதிர்ப்பட்ட முஸ்லிம்கள் அனைவர் மீதும் சாத்தப்பட்டது. ஸ்பானியர் பிலிப்பைன்சின் தென் தீவு மக்களையும் மோறோ என்றே குறித்தனர்.

இப்பெயர்கள் எவையும் இம்மக்கள் தம் வீட்டு முற்றத்தில் தாமே இட்டுக்கொண்டவையல்ல. துறைமுகத்திலும் சுங்கத்திலும் கணக்குப் புத்தகத்திலும் பிறர் இட்டவை. அவ்வாறிருக்க, அவற்றைக் கொண்டு இனமூலம் தேடிய பெரும் விவாதமொன்று நம் நாட்டில் நடந்தேறியது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிற் படித்த கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே எனவும் மதத்தாலேயே வேறுபட்டவர் எனவும் வாதிட்டார். அவர் அவ்வேளை சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதி. மறு ஆண்டு, 1889 இல், முஸ்லிம்களுக்குத் தனி நியமன ஆசனம் வழங்கப்பட்டது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூல்வடிவில் மறுப்பெழுதி, சோனகர் அரபு வணிகர் வழிவந்தவர் என்று நிலைநாட்ட முயன்றார். இவ்விருவரின் கல்வியையும் உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இவ்விவாதம் எத்தளத்தில் நின்று நடந்தது என்பதை மறத்தலாகாது. குடியேற்ற அரசின் சபையிலே ஓர் ஆசனம் யாருக்கு என்பதே அதன் அடிநிலைப் பிரச்சினை. கொழும்பின் சட்டத்தரணியும் கொழும்பின் வணிகக் குடும்பமும் வாதாடிய அவ்வரங்கில், நாட்டின் முஸ்லிம்களுள் பெருந்தொகையான உழவர் வாழ்ந்த கரைவாகுப்பற்றும் சம்மாந்துறைப்பற்றும் நிந்தவூர்ப்பற்றும் அக்கரைப்பற்றும் இடம்பெறவேயில்லை. கடல் வணிகனின் பிறப்பு வரலாறு சேற்றில் நிற்பவனின் வரலாறாகவும் எழுதப்பட்டது.

அச்சேற்றுக்கே நாம் இனித் திரும்புவோம். இக்கரையோர ஊர்ப் பெயர்களில் மன்னர் பெயர் அருமை. கல்முனை, மருதமுனை, பாலமுனை, நற்பிட்டிமுனை என முனைகள். சாய்ந்த மருதமரம் ஒன்று பெயர் கொடுத்த சாய்ந்தமருது. காரைச் செடி பெயர் கொடுத்த காரைதீவு. அட்டாளைச்சேனை என்னும் பெயர் எம்மைப் பொறுத்தவரை இவற்றுள் தலையாயது. அட்டாளை என்பது பயிரை யானையும் பன்றியும் அழியாது காக்க மரத்தில் அமைக்கும் பரண். வடமொழியில் கோட்டைக் காவற்கோபுரத்தைக் குறித்த சொல். இக்கரையில் அது அரசனின் கோட்டையை விட்டிறங்கி, இரவெல்லாம் விழித்திருந்து கூவும் ஏழை உழவனின் பரணாயிற்று. சேனை என்பது காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிடும் நிலம். சிங்களத்தில் அதுவே ஹேன. சம்பான் ஹம்பன் ஆன அதே ஒலி உறவை இங்குங் காண்கிறோம். பிரித்தானியர் ஆவணங்களிலும் இச்சொல்லே ஏறியது. காடு வெட்டியவன் தமிழ் பேசினானா சிங்களம் பேசினானா என்று கேட்போருக்கு இப்பெயர் விடையளிக்காது. அவன் விழித்திருந்தான் என்பதை மட்டும் அது உறுதியாய்க் கூறும்.

ஒலுவில் என்ற பெயரும் இவ்வகையிற் சிந்தனைக்குரியது. ஒலு என்பது சிங்களத்தில் வெள்ளாம்பல். வில் என்பது தேங்குநீர். வில்லு என்று தமிழிலும், வில என்று சிங்களத்திலும் அது வழங்கும். பொத்துவிலிலும் தம்பிலுவிலிலும் அவ்வீறே உளது. ஆம்பல் பூத்த நீர்நிலை என்னும் அழகிய பெயரைத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊரொன்று தாங்கி நிற்கிறது. இதைக் கண்டு ஒருசாரார் மகிழ்வதையும் மற்றொரு சாரார் மறைக்க முயல்வதையும் நாம் கண்டுள்ளோம். இறக்காமம் என்பதன் ஈற்றிலுள்ள காமம் சிங்கள கம, பாளி காம என்பவற்றோடு ஒன்று; ஆனால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலும் கொடிகாமத்திலும் அது தமிழ் ஊரின் பெயராய் நிலைத்தது. மட்டக்களப்பின் களப்பும் சிங்களத்தின் களப்புவவும் ஒரே சொல். கல்முனையின் கல்லும் கல்லோயாவின் கல்லும் ஒலியாலும் பொருளாலும் வேறானவையல்ல. நிந்தவூரையும் சிங்கள நிலமானிய முறையின் நிந்தகம என்னும் தனியுடைமைக் கிராமத்தோடு ஒப்புநோக்குதல் பயனுடைத்து என்பது எம் கருத்து. அது பொருந்துமாயின், ஓர் ஊரின் பெயரிலேயே நிலவுடைமை உறவொன்று உறைந்துகிடப்பதாகும்.

கல்லோயாவைக் குறிப்பிட்டுவிட்டு அப்பாற் செல்வது நேர்மையாகாது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது; இங்கினியாகலையில் அணை எழுந்தது. கரையோரத்துத் தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆறு கல்லோயா என்னும் பெயரால் மட்டுமே உத்தியோக உலகில் அறியப்படலாயிற்று. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதன் தேர்தல் மாவட்டத்துக்கு இன்று திகாமடுல்ல என்று பெயர். பெயர் மாற்றம் தனித்து நிகழவில்லை என்பதே கருதத்தக்கது. நீர் எங்கிருந்து எவ்வயலுக்குப் பாயும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறியபோது, ஆற்றின் பெயரும் உடன் மாறியது. சிங்களக் குடியேற்றவாசியும் வறிய விவசாயியே. அவனையும் கரையோர உழவனையும் எதிரெதிரே நிறுத்தப் பெயர்களும் கருவிகளாயின. சொல்லாராய்ச்சி என்ற பெயரில் அக்கருவியைக் கூர்தீட்டிக் கொடுத்த அறிஞரும் எப்பக்கத்திலும் குறைவின்றி இருந்தனர்.

நமது பக்கத்து மரபுக் கதைகளையும் இதே கண்கொண்டு நோக்கவேண்டும். கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு நகரை அடுத்துள்ள ஊர்களின் பெயர்கள் முக்குவர், திமிலர் போரினால் எழுந்தவை என்பது அப்பகுதியில் நன்கறியப்பட்ட கதை. முஸ்லிம்களின் துணையோடு முக்குவர் திமிலரை வென்று துரத்தினர். சத்துருக்களைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். வந்து இளைப்பாறிய இடம் வந்தாறுமூலை. சந்தி செய்து மகிழ்ந்த இடம் சந்திவெளி என்பன அவ்விளக்கங்கள். இவற்றை இலக்கண நியாயங்கொண்டு மறுப்பது எளிது. அவை எதற்காகப் பிறந்தன என்பதே பயனுள்ள வினா. நிலத்தைத் தம் கையில் வைத்திருந்த முக்குவப் போடிமாரின் உரிமையைப் போர் வெற்றியாக அக்கதை நியாயப்படுத்துகிறது. முஸ்லிம்களின் குடியிருப்பையும் வெற்றியின் பங்காக ஏற்றுக்கொள்கிறது. தோற்ற திமிலர் தரப்பில் ஊர்ப் பெயர் விளக்கம் எதுவும் எஞ்சவில்லை.

போடியார் என்ற சொல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாகப் பெருநில உடைமையாளனைக் குறிக்கும். அவர் வயலில் வேலையாட்களுக்குத் தலைவனாய் நிற்பவன் முல்லைக்காரன். மருத நிலத்து வயலுக்குள் முல்லையின் பெயர் எவ்வாறு வந்தது? காடு வெட்டி வயலாக்கிய காலத்தின் எச்சம் அச்சொல்லில் நிற்பதாகக் கருத இடமுண்டு. சம்மாந்துறைக்கு அண்மையில் ஒரு களத்தருகே முதிய முல்லைக்காரர் ஒருவரிடம் இச்சொல்லின் பொருளை நாம் வினவியபோது, “போடியார் வீட்டில் இருப்பார், முல்லைக்காரன் வயலில் இருப்பான்; அதுதான் பொருள்” என்றார். எமது அகராதிகளிலே இத்துணைத் தெளிவு இல்லை.

வேளாண்மை என்பது திருக்குறளில் விருந்தோம்பலையும் உபகாரத்தையும் குறித்த சொல். பின்னர் உழவுத்தொழிலைக் குறித்தது. இக்கரையிலோ அது விளைந்து நிற்கும் நெற்பயிரையே குறிக்கும். வேளாண்மை வெட்டுதல் என்றால் அறுவடை. ஈகைப் பண்பைக் குறித்த சொல் பயிராகிவிட்டது. அறுவடையின் பெரும் பங்கு யாருக்கு ஈயப்படுகிறது என்பதை அறிந்தவர்க்கு இப்பொருள் மாற்றம் சற்றுக் கசப்பான நகையைத் தோற்றுவிக்கும்.

இவ்வேளாண் சமூகம் கடலிலிருந்து வந்த சொற்களையும் தன் வழிக்கே திருப்பிக்கொண்டது. மரைக்கார் என்பது மரக்கலத்தோடு தொடர்புடைய பட்டம் என்பர். மர்கப் என்னும் அரபுச் சொல்லுக்குங் கலம் என்பதே பொருள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரைக்காயர் கப்பல் வணிகர். அக்கரைப்பற்றிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மரைக்கார் என்பவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு குடியின் பிரதிநிதி. குடி என்பது இங்கு தாய்வழியாகக் கணிக்கப்படும் குலம். தமிழரிடையே கோயில் உரிமைகள் குடிமுறையாற் பகிரப்பட்டமை போலவே முஸ்லிம்களிடையே பள்ளிவாசல் உரிமையும் பகிரப்பட்டது. போர்த்துக்கேயர் 1626 இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கிலே குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவ்வாறு வந்தவரும் முன்னரே இருந்தவரும் நிலத்தோடு பிணைந்தபோது, கலத்தலைவனின் பட்டம் தாய்வழிக் குடித்தலைவனின் பதவியாயிற்று.

உறவுமுறைப் பெயர்களில் இம்முரண் மேலுந் தெளிவாகும். உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா என்று பெற்றோரையும் மூத்தோரையும் அழைக்கும் இம்மக்கள், மாமாவையும் மாமியையும் மச்சானையும் மருமகளையும் தமிழாலேயே அழைக்கின்றனர். பிறந்த வீட்டுச் சொற்களை மதமும் கடலும் தொட்டன. கொண்டு கொடுக்கும் உறவின் சொற்களை அவை தொடவில்லை. மாமி மகளை மணப்பதும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைப்பதும் தொடர்ந்தவரை, அச்சொற்களை மாற்றவேண்டிய தேவை எழவில்லை. வணக்கச் சொற்களும் வியப்புக்குரியவை. தொழுகையும் நோன்பும் ஓதுதலும் பழந்தமிழ்ச் சொற்கள். பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடமாயிருந்து, பிள்ளைகள் படிக்கும் இடமாகி, இறுதியில் முஸ்லிம்களின் வணக்கத்தலமாயிற்று. சிங்களவர் தேவாலயத்தையும் மசூதியையும் பல்லிய என்பதும் இதே சொல்லால்தான். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டவர் பெயராற் கொடியேற்றி நடத்தும் கந்தூரியின் பெயர் பாரசீகத்தில் உணவு பரப்பும் விரிப்பைக் குறித்தது. மலாய் நாட்டில் அதுவே கெண்டூரி என விருந்தாயிற்று. மருதமுனைத் தறிகளில் நெய்யப்படும் சாரமும் மலாய்ச் சாரோங்கின் வழிவந்த பெயரே. உறை என்பது அதன் மூலப்பொருள்.

இவ்வளவு கலப்பிற் பிறந்த மொழியைப் பேசும் கரையோரம், அண்மைக்காலத்தில் ஒரு நிருவாக அலுவலகத்தின் பெயருக்காகப் பிளவுண்டது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் என்பதா, கல்முனைத் தமிழ்ப் பிரதேச செயலகம் என்பதா என்னும் வேறுபாட்டுக்குள் ஒரு நகரின் சந்தையும் வருமானமும் எல்லையும் அடங்கிக் கிடந்தன. 2019 யூனில் அதனைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்தது. எதிராகச் சத்தியாக்கிரகமும் நடந்தது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வழங்கி வெளியான வர்த்தமானி அறிவித்தல் சில நாட்களுக்குள் இடைநிறுத்தப்பட்டது. இவ்விரண்டாவது பிணக்கில் இரு தரப்பிலும் முஸ்லிம்களே இருந்தனர் என்பதை இனமூலவாதிகள் விளக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

இறுதியாக ஆட்பெயர்கள். இக்கரை முஸ்லிம்களின் பெயருக்கு முன் ஆங்கில முதலெழுத்துக்கள் அணிவகுத்து நிற்பதை யாவரும் அறிவர். எல் என்பது பெரும்பாலும் லெப்பை. வந்தேன் இறைவா என்று பொருள்படும் லப்பைக் என்ற அரபுச் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவர். கிழக்கில் அது லெவ்வை எனவும் ஒலிக்கும். எம் என்பது முகம்மது, அல்லது மீரா. ஆனால் பழைய தலைமுறையில் சீனித்தம்பி, சின்னத்தம்பி, இளையதம்பி என்பனவும் முஸ்லிம் பெயர்களே. பிள்ளைகள் கற்று உத்தியோகம் பெற்று நடுத்தர வர்க்கமாக உயர்ந்த காலத்தில், மதச் சீர்திருத்தமும் அரபுப் பெயர்களின் மதிப்பும் சேர்ந்து வளர்ந்தன. தந்தையின் பெயர் நீக்கப்படவில்லை, எழுத்தாகச் சுருக்கப்பட்டது. எஸ். ரீ. என்னும் ஈரெழுத்துள் ஒரு சீனித்தம்பி ஒளிந்திருக்கிறார். வாக்காளர் இடாப்பிலும் பெயர்ப் பலகையிலும் அவர் வெளிப்படுவதில்லை. அவர் வெட்டித் திருத்திய வயலைப் பேரன் விற்கும் நாளில் மட்டும், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பெயரைத் தாங்கிய நொத்தாரிசு பழைய உறுதியை விரித்து, அவர் பெயரை ஓரெழுத்துங் குறையாமல் உரக்க வாசிக்கிறார்.